ஒரு சொம்பில் ஒளு

என் வலது கையில், முழங்கைக்கு நாலு விரற்கடை கீழே, டாக்டர் பேனாவால் ஒரு கோடு போட்டார். வீக்கத்தின் சிவப்பு அதுவரைதான் ஏறியிருந்தது. "நாளைக்கு இதைத் தாண்டுதான்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அளவெடுக்கும் வேலை பார்க்கிறவள் கையில் ஒரு கோட்டைப் போட்டுவிட்டு அப்படிப் போகக் கூடாது. அன்று பகல் முழுக்க ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனை. பெண்கள் வார்டில் ஆறு கட்டில்கள், என்னுடையது மூன்றாவது. நோயின் பெயர் செல்லுலைட்டிஸ் என்றார்கள். தோலில் விழுந்த வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே இறங்கி, தோலுக்கு அடியிலிருக்கும் சதையில் பரவுவது. கை வீங்கும், சூடாக இருக்கும், காய்ச்சல் வரும். மாத்திரை போதாது என்று இடது கையில் ஊசி செருகி மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். வலது கையில் மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை கட்டு. சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. ரத்த அணுக்களை எண்ணினார்கள், வெள்ளை அணுக்கள் கூடியிருந்தன.

வெடிப்பு எப்படி வந்தது என்று எல்லோரும் கேட்டார்கள். சேர்க்கும்போது எழுதிக்கொண்டவர், நர்ஸ், பெரிய டாக்டர், சின்ன டாக்டர், ரத்தம் எடுக்க வந்த பெண். ஐந்து பேருக்கும் ஒரே பதில் சொன்னேன். நான் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேதியியலாளர், சிமெண்ட் தூசியும் அமிலமும் கையைக் காய வைத்துவிடும் என்று. ஐந்து பேரும் நம்பினார்கள். ஆய்வுக்கூடத்தில் நான் கையுறை போடாமல் ஒரு குடுவையைக்கூடத் தொட்டதில்லை.

கை வெடித்தது தண்ணீரால்.

ஒளு என்பது தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவித் தூய்மை செய்துகொள்வது. எல்லோருக்கும் மூன்று நிமிட வேலை. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒருநாள் எனக்கு இடது முழங்கை நனைந்ததா என்று ஒரு சந்தேகம் வந்தது. மறுபடி கழுவினேன். சந்தேகம் வந்தால் சோதனையைத் திரும்பச் செய்வது எங்கள் வேலையின் முதல் பாடம், அதனால் அது தவறாகவே தெரியவில்லை. பிறகு முழங்கையோடு குதிகாலும் சேர்ந்தது. காதின் பின்புறம் சேர்ந்தது. ஒரு ஒளுவுக்கு நாற்பது நிமிடம் ஆனது. அது முடிந்து தொழுகையில் நின்றால், தொடக்கத்தில் கை உயர்த்தி 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் சொன்னபோது மனம் அதில் இருந்ததா என்று தோன்றும். கையை இறக்கிவிட்டு மறுபடி உயர்த்துவேன். தொழுகையின் நடுவே, அல்லாஹ்வைப் பற்றி, எழுத முடியாத எண்ணங்கள் வந்து விழும். உடனே ஒளுவிலிருந்து மறுபடி தொடங்குவேன்.

அம்மா உதவிக்கு வந்தார். எங்கள் வீடு லெப்பைக்குடிக்காட்டில். அங்கே குழாயடியில் என் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் ஒவ்வோர் உறுப்பாகக் கழுவ, "நனைஞ்சிருச்சு... நனைஞ்சிருச்சு... ஒளு கூடிருச்சு, போ" என்பார். அடுப்பில் எது இருந்தாலும் அணைத்துவிட்டு வருவார். ஆரம்பத்தில், ஆலையில் இருக்கும்போது நான் கழிவறையிலிருந்து போன் செய்வேன். எந்தக் கையை எப்படிக் கழுவினேன் என்று சொல்லச் சொல்ல, அங்கிருந்தே கூடிவிட்டது என்று தீர்ப்புச் சொல்வார். அப்பா, எங்கள் வழக்கில் அத்தா, ஷார்ஜாவில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். மதியம் அங்கே கடை மூடியிருக்கும் நேரத்தில் இங்கே அஸர், பிற்பகல் தொழுகை. விடுமுறை நாட்களில் வீடியோ அழைப்பில் வந்து, நான் தொழுது முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்து, "நாலு ரக்அத் சரியா இருந்துச்சும்மா" என்பார். நின்று, குனிந்து, தலைவைத்து எழும் ஒரு சுற்று ஒரு ரக்அத், அஸருக்கு நாலு. தூங்க வேண்டிய நேரத்தில் அவர் இதைச் செய்தார்.

யாரும் இதை நோய் என்று சொல்லவில்லை. பேணுதல் என்றார்கள். மார்க்கத்தில் கவனமாக இருப்பவர்களைச் சொல்லும் சொல் அது. குப்பி, அதாவது அத்தாவின் தங்கை, என்னைத் தன் மகள்களுக்கு உதாரணமாகக் காட்டினார்.

அவர்கள் யாருக்கும் தெரியாதது ஒன்று இருந்தது. ஆலையில் நண்பகல் தொழுகையான லுஹரையும் அஸரையும் ஏழு மாதமாக நான் தொழவில்லை. ஒரு மணி நேரம் கழிவறையில் நிற்க அனுமதி கிடைக்காது. வீட்டுக்கு வந்து சேர்த்துத் தொழலாம் என்று கணக்கு எழுதி வைத்தேன். அந்தப் பட்டியல் பக்கம் பக்கமாக வளர்ந்தது. ஆக, பேணுதலான பெண் தொழுகையை இழந்துகொண்டிருந்தாள். டாக்டரிடம் போனால் "தொழுவதைக் குறைத்துக்கொள்" என்பார், மிச்சமும் போய்விடும். போகாவிட்டால் தானாகவே போய்விடும். இரண்டுக்கும் நடுவில்தான் கை வெடித்தது.

நாலாவது கட்டிலில் அஞ்சலை அக்கா. ஆண்டிமடத்துக்காரர். முந்திரிக்கொட்டை உடைக்கும்போது அதன் ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டு இரண்டு உள்ளங்கையும் வெந்து கட்டுப் போட்டிருந்தார்கள். முதல் நாளே என் கையைப் பார்த்து, "நான் கொட்டை ஒடச்சு இப்படி ஆனேன். நீ என்னாத்த ஒடச்ச?" என்றார். அவருக்கு அவர் மகனும் எனக்கு அம்மாவும் சோறு ஊட்டினார்கள். "ரெண்டு பேருக்கும் பேரு வச்சு மொட்டையடிச்சுக் காது குத்தணும் போலருக்கு" என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

கட்டுப் போட்ட இடத்தைக் கழுவ வேண்டாம், ஈரக் கையால் மேலே தடவினால் போதும் என்று மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. என்னை மருத்துவமனையில் சேர்க்கும் முன்பே அம்மா யாரிடமோ கேட்டு வைத்திருந்தார். எனக்கு அந்தச் சலுகை நிம்மதி தரவில்லை. தடவியது கட்டின் ஓரம்வரை போனதா? ஓரத்துக்கு வெளியே ஒரு நூல் அளவு தோல் தெரிகிறதே, அது தடவும் கணக்கா கழுவும் கணக்கா? மருந்துப் பை தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டு குளியலறைக்குப் போவேன். நர்ஸ் கதவைத் தட்டும்வரை வரமாட்டேன். வெளியே வந்து அம்மாவிடம் கேட்பேன், அவர் கூடிவிட்டது என்பார், கட்டிலுக்குப் போவேன், திரும்பிப் போவேன்.

மூன்றாம் நாள் காலை சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தது, ஒரு விரல் அகலம். டாக்டர் கட்டைத் தொட்டுப் பார்த்தார். உள்பஞ்சு ஊறியிருந்தது.

"இது ஏன் நனைஞ்சுது?"

குளித்தேன் என்றேன். அஞ்சலை அக்கா மேற்கூரையைப் பார்த்தபடி, "அது குளிக்கலீங்க டாக்டரு" என்றார். "பாத்ரூமுக்குப் போனா வர்றதில்ல. வந்தா அவங்கம்மாவ ஒரு வார்த்த கேக்குது. அவங்க ஆச்சுங்கறாங்க. திரும்பப் போவுது. அவங்க சொல்றது ஒரு மணி நேரங்கூட நிக்க மாட்டேங்குது அதுக்கு."

அம்மா எழுந்து நின்று, "தொழுவுறதுக்குங்க சார். எங்க புள்ள ரொம்பப் பேணுதல்" என்றார். அந்தக் குரலில் பெருமை இருந்தது. டாக்டர் என் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். அதிலும் கணுவுக்குக் கணு வெடிப்பு. தொழுகையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மதியம் இன்னொருவர் வருவார், அவரிடம் பேசுங்கள் என்று மட்டும் சொன்னார்.

வந்தவர் மனநல மருத்துவர். திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு தாளில் பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இதில் போகிறது, செய்யாமல் இருந்தால் எவ்வளவு தவிப்பு, எவ்வளவு தூரம் தடுக்க முடிகிறது. மதிப்பெண் போடும் தாள் என்றதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. உண்மையைச் சொன்னேன். ஏழு மாதத்தையும் சொன்னேன். அம்மா திரைக்கு அந்தப் பக்கம் இருந்தார். கேட்டிருப்பார்.

நோயின் பெயர் ஓசிடி. தமிழில் எண்ணச்சுழற்சி நோய் என்கிறார்கள். வேண்டாத ஓர் எண்ணம் திரும்பத் திரும்ப வரும். அது தரும் பதற்றத்தை அடக்க ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யத் தோன்றும். செய்தால் கொஞ்ச நேரம் அடங்கும், பிறகு முன்னைவிடப் பலமாக வரும். யாருக்கு எது உயிரோ அதைத்தான் இந்த நோய் பிடித்துக்கொள்ளும் என்றார். குழந்தை பெற்றவளுக்குக் குழந்தையைப் பற்றி வரும், எனக்குத் தொழுகையைப் பற்றி வந்திருக்கிறது. மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைச் சீராக்க மாத்திரை உண்டு. வேலை செய்யச் சில வாரம் ஆகும், முதலில் குமட்டும். அதோடு உளவியல் ஆலோசனையும் வேண்டும்.

நான் கேட்டது ஒன்றுதான். "தொழறத விடச் சொல்லுவீங்களா?"

"ஏழு மாசமா நீங்களே பாதிய விட்டுட்டீங்களேம்மா" என்றார். "அதைத் திருப்பி எடுக்கத்தான் இது."

போகும்போது அம்மாவைத் தனியே அழைத்துப் பேசினார். அம்மா திரும்பி வந்து ஆரஞ்சு உரித்தார். இன்னொரு பழத்தை எடுத்தபடி, "நான் சொன்னதாலதான் கூடிப்போச்சாம்ல" என்றார். அவர் ஒரு சுளையைக்கூட எனக்கு ஊட்டாமல் உரித்துக்கொண்டே இருந்தார்.

அன்று மாலை குப்பி வந்தார். ஒரு பாட்டிலில் ஓதிய தண்ணீர் கொண்டுவந்திருந்தார். அவருக்கு இரண்டு கவலைகள். ஈமான், இறைநம்பிக்கை, உள்ள பிள்ளைக்கு மனசு டாக்டர் எதற்கு, இது ஷைத்தானின் வஸ்வாஸ், ஊசலாட்டம், ஓதினால் போய்விடும் என்பது ஒன்று. சம்பந்தம் பேச வருகிறவர்கள் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்பது இன்னொன்று. முதலாவதை உரக்கவும் இரண்டாவதைக் காதோடும் சொன்னார். எனக்கு இரண்டாவது உறைக்கவே இல்லை. முதலாவது உறைத்தது, ஏனென்றால் நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் போனதும் அஞ்சலை அக்கா, "பாட்டில்ல இருக்கறதாவது குடிக்கிற தண்ணிதான?" என்றார். "தொறந்து கைய நனச்சுறாத தாயி." காலையில் காட்டிக்கொடுத்தவரிடம் சிரிக்கக் கூடாது என்று இருந்தேன். முடியவில்லை.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். சிவப்பு அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது.

ஆலோசகர் அரியலூரில், பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு மாடியில். நடுத்தர வயதுப் பெண். நெற்றியில் குங்குமம். வெளியே நாலு நாற்காலி, நான் உட்காராமல் நடந்துகொண்டிருந்தேன். சிகிச்சையை அவர் சுருக்கமாகச் சொன்னார். சந்தேகம் வரட்டும். வந்த பிறகு கழுவாமல் இருக்க வேண்டும். தவிப்பு ஏறும், ஏறி நிற்கும், தானாக இறங்கும். அதை உடம்பு பலமுறை பார்த்துப் பழக வேண்டும். யாரிடமும் "சரியா?" என்று கேட்கக் கூடாது, யாரும் பதில் சொல்லக் கூடாது. பிறகு ஒன்று சொன்னார். "எவ்வளவு கழுவினா போதும்னு சொல்ற உரிமை எனக்கு இல்ல. அது உங்க மார்க்கம் சொல்லணும். நீங்க நம்புற ஒருத்தர்கிட்ட போங்க. ஒரே ஒருத்தர், ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் தேடக் கூடாது, போன்ல தட்டிப் பாக்கக் கூடாது."

ஒரே ஒரு தடவை என்றதால் எதையும் விட்டுவிடக் கூடாது என்று நான்கு நாள் உட்கார்ந்து பட்டியல் எழுதினேன். இருபத்தேழு கேள்விகள்.

மார்க்க அறிஞரான எங்கள் ஊர் ஹஜ்ரத் மதரஸாவின் முன்னறையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவசரப்படாமல், இருபத்தேழையும் படித்தார். அம்மா என் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறாவது கேள்விக்கும் பத்தொன்பதுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

"ஆறு முழங்கை, பத்தொன்பது குதிகால், ஹஜ்ரத்."

தாளை மடித்து மேசையில் வைத்தார். "எல்லாத்துக்கும் பதில் ஒண்ணுதான். ஒரு தடவை கழுவு, முடிஞ்சுது. நனையலையோன்னு தோணினா, அதக் கண்டுக்காம போயிரு. வஸ்வாஸ் உள்ளவங்களுக்குச் சட்டமே அதான். அதுக்குக் கீழ்ப்படியிறதுதான் தப்பு."

"உண்மையிலேயே நனையாம இருந்தா?"

"இருக்கட்டும்."

அந்த ஒரு சொல்லுக்கு நான் தயாராக இல்லை. மார்க்கம் படித்த ஒருவர் வாயிலிருந்து அது வரும் என்று எண்ணியதே இல்லை. உட்கார முடியாமல் எழுந்து நின்றுவிட்டேன். அவர் கவனிக்காதவர்போல மற்றதைச் சொன்னார். நோய்க்கு மருந்து தேடச் சொன்னது நபிகள்தான், உடம்பு நோய்க்கு மட்டும் என்று பிரித்துச் சொல்லவில்லை. தன் சர்க்கரைக்குத் தானும் ஓதுகிறார், மாத்திரையும் போடுகிறார். ஓதுவது நல்லது, ஆனால் ஓதுவதைக் காட்டி மருந்தை நிறுத்தக் கூடாது. ஆலோசகர் வேறு மதமாக இருந்தால் பாதகமில்லை, தொழில் தெரிந்தவராகவும் நம்பிக்கையானவராகவும் இருக்க வேண்டும். ஈமானுக்கு மாறாக ஏதாவது சொன்னால் அதை மட்டும் விட்டுவிட வேண்டும். அந்த எழுத முடியாத எண்ணங்களை ஒரு வெளி ஆளிடம் வாயால் சொல்வது பாவமா என்று கேட்டேன். நபித்தோழர்களுக்கே அப்படி வந்திருக்கிறது, சொல்லவே அஞ்சி நபிகளிடம் போய் நின்றார்கள், அந்த அச்சம் ஈமான் இருப்பதன் அடையாளம் என்றுதான் பதில் கிடைத்தது என்றார். சிகிச்சைக்காகச் சொல்வது அல்லாஹ்வைக் குறைகூறுவது ஆகாது.

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உங்க குப்பி ஒன்னப் பத்திப் பெருமையா சொன்னப்ப, பொம்பளைங்க பயான்ல ஒன்ன உதாரணமா சொல்லலாம்னு நானே நெனச்சேன்" என்றார். "நல்லவேளை, சொல்லல."

தண்ணீர் எவ்வளவு என்று கேட்டேன். நபிகள் 'முத்து' என்னும் ஓர் அளவுத் தண்ணீரில் ஒளு செய்திருக்கிறார்கள், இரண்டு கையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவு என்றார். அது எத்தனை மில்லி என்றேன். அறிஞர்களிடையே கணக்கு வேறுபடும் என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ஒரு சொம்பு. எந்தச் சொம்புன்னு கேக்காதம்மா."

கேட்க வாய்வரை வந்துவிட்டிருந்தது.

சுலபமாக நடந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். முதல் வாரம் மாத்திரையின் குமட்டல். ஒரு சொம்பு தீர்ந்ததும் குழாயைப் பார்த்தபடி பத்து நிமிடம் நிற்பேன். அந்தப் பத்து நிமிடத்தின் தவிப்பை ஆலோசகர் சொன்னபடி நூற்றுக்கு இவ்வளவு என்று நோட்டில் எழுதுவேன். தொண்ணூறு. எண்பத்தைந்து. மறுநாள் மறுபடி தொண்ணூறு. இரண்டு தடவை தோற்றுக் குழாயைத் திறந்தேன். ஒருநாள் கேட்கக் கூடாது என்பதால் அம்மாவின் முகத்தை மட்டும் பார்த்தேன். அவர் தன்னையறியாமல் தலையசைத்துவிட்டார். அதுவும் பதில்தான் என்று ஆலோசகர் கண்டித்தார், இரண்டு பேரையும். அன்றிலிருந்து நான் ஒளு செய்யும்போது அம்மா அடுக்களைக்குப் போய்விடுவார்.

போன மாதம் ஒரு விடுமுறை நாள், அஸர் நேரம். சொம்பில் தண்ணீர் எடுத்தேன், கழுவினேன், தீர்ந்தது. இடது குதிகால். அதைத் தேய்த்ததாக நினைவில்லை. அடுக்களை வாசலில் போய் நின்றேன். அம்மா தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, கால் நனைஞ்சிருக்கா?"

அவர் நிமிரவில்லை. "எனக்குத் தெரியாதும்மா" என்றார். உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்தார். ஒவ்வொரு தோலாக, உள்ளே ஒன்றும் மிஞ்சாத வரைக்கும். என் குதிகால் அவர் கண்ணுக்கு நேரே இருந்தது.

தொழுகை விரிப்பான முசல்லாவை விரித்தேன். அந்நேரம் அத்தா வீடியோவில் வந்தார். அவரிடமும் எல்லாம் சொல்லியிருந்தோம், ஆனால் அழைப்பதை அவர் நிறுத்தவில்லை. பேசிவிட்டுப் போகட்டும் என்று போனை வழக்கம்போல் சுவரில் சாய்த்து வைத்தேன். "தொழுவும்மா" என்றார். கை உயர்த்தித் தக்பீர் சொன்னேன். மனம் அதில் இருந்ததா தெரியாது. கையை இறக்கவில்லை. எண்ணங்கள் வந்தன. வரட்டும் என்று விட்டேன். விட்டது போதுமா என்று இன்னொன்று வந்தது. இரண்டாவது ரக்அத்தா மூன்றாவதா என்று குழம்பியது. ஸலாம் கொடுத்து முடித்தபோது புறங்கழுத்து வேர்த்திருந்தது.

போனின் பக்கம் திரும்பினேன். கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டேன்.

"அத்தா, நாலு தொழுதேனா?"

திரையில் அத்தா இல்லை. மேலே சுற்றும் ஒரு மின்விசிறி மட்டும் இருந்தது. போனைக் கட்டிலில் மல்லாத்தி வைத்திருக்கிறார். சற்று எட்டத்திலிருந்து குரல் வந்தது.

"நான் ஃபேனத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். எறக்கைல எவ்வளவு தூசி தெரியுமா? ஒருத்தனும் தொடைக்க மாட்டேங்கிறான் இங்க."

அடுக்களையில் அம்மா சிரித்துவிட்டு, சிரித்தது பதிலாகிவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்று தொழுதது மூன்றா நான்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இதை எழுதும்போதும் அது உள்ளே அரிக்கிறது. முசல்லாவை மடித்து அலமாரியில் வைத்தேன். மறுநாள் ஆலையில், மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட லுஹரை, கழிவறைக் குழாயில் ஒரு சொம்பு பிடித்து ஒளு செய்து, பன்னிரண்டு நிமிடத்தில் தொழுது முடித்துவிட்டு, மாதிரிகளைச் சலிக்கப் போனேன்.